ஹார்வர்டுக்கு பூஜ்யம் மார்க்! கல்லூரிகளின் கருத்துச் சுதந்திரத்தை எப்படி அளக்கிறார்கள்?

உலகின் டாப் பல்கலைக்கழகங்கள் என்று எந்தப் பட்டியல் போட்டாலும் ஹார்வர்டு முன்வரிசையில் இருக்கும். ஆனால், 2023 செப்டம்பரில் அமெரிக்காவில் வெளியான ஒரு பட்டியலில், 248 கல்லூரிகளில் அதற்குக் கடைசி இடம். மார்க்? 100-க்கு பூஜ்யம். கணக்குப் போட்டபோது வந்தது மைனஸ் 10.69. பெரிய மனசு பண்ணி பூஜ்யம் ஆக்கினார்கள். முதலிடம், நம்மூரில் பலரும் கேள்விப்படாத மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு!

மனசில் பட்டதைப் பயமில்லாமல் பேச முடிகிறதா என்பதற்கான பட்டியல் அது. சரி, பேச்சுச் சுதந்திரத்துக்கு எப்படி மார்க் போட முடியும்?

யார் அளக்கிறார்கள்?

ஃபிலடெல்ஃபியாவில் இருந்து இயங்கும் 'ஃபயர்' என்ற அமைப்பு. 1999-ல் தொடங்கப்பட்டது. கல்லூரித் தரவரிசையை 2020-ல் 55 கல்லூரிகளுடன் ஆரம்பித்தது. 2025 செப்டம்பரில் வந்த பட்டியலில் 257 கல்லூரிகள். பதில் சொன்ன மாணவர்கள் 68,000-க்கும் மேல். இதில் 166 கல்லூரிகளுக்கு 'எஃப்' கிரேடு, அதாவது ஃபெயில்!

மார்க் எப்படி?

மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

முதலாவது, மாணவர்களின் பதில்கள். வகுப்பில் சர்ச்சையான விஷயத்தைப் பேசத் தயக்கம் இருக்கிறதா? எத்தனை முறை வாயை மூடிக்கொண்டீர்கள்? பிடிக்காத பேச்சாளரைக் கத்தி நிறுத்துவது சரியா? "கருக்கலைப்பை முழுமையாகத் தடை செய்ய வேண்டும்" என்பவரையும், போலீஸை நிறவெறி அமைப்போடு ஒப்பிடுபவரையும் கல்லூரிக்குள் அனுமதிப்பீர்களா?

இரண்டாவது, கல்லூரியின் விதிமுறைகள். இதற்கு டிராஃபிக் சிக்னல் மாதிரி சிவப்பு, மஞ்சள், பச்சை.

மூன்றாவது, நிர்வாகம் என்ன செய்தது என்பது. சர்ச்சையில் சிக்கிய பேராசிரியர் பக்கம் நின்றால் பிளஸ். நடவடிக்கை எடுத்தால் மைனஸ். அழைத்த பேச்சாளரை 'வர வேண்டாம்' என்றாலும் மைனஸ்.

ஆக, மாணவர்களின் மனநிலையும் நிர்வாகத்தின் செயலும் ஒரே எண்ணுக்குள் கலந்துவிடுகின்றன. மாணவர்கள் தாராளமாகப் பேசும் கல்லூரியும், நிர்வாகம் சொதப்பினால் கீழே போகலாம். சர்ச்சையே வராத அமைதியான கல்லூரிக்கு மைனஸ் வாங்கும் வாய்ப்பே குறைவு. எது மைனஸ், எது பிளஸ் என்று முடிவு செய்வதும் ஃபயர்தான்.

மௌனத்தை எண்ண முடியுமா?

இருப்பதிலேயே கஷ்டமான வேலை இதுதான். பேசியதை எண்ணலாம். பேசாமல் விட்டதை எப்படி எண்ணுவது? கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அப்போது கேள்வியின் வார்த்தைகளே பதிலைத் தீர்மானிக்கும்.

2021 சர்வேயில், 'கொஞ்சமாவது சுயதணிக்கை செய்கிறேன்' என்றவர்கள் 80 சதவிகிதத்துக்கும் மேல். 'அடிக்கடி செய்கிறேன்' என்றவர்கள் 21 சதவிகிதம். முதல் எண்ணைத் தலைப்பில் போட்டால் நெருக்கடி; இரண்டாவதைப் போட்டால் ஐந்தில் ஒருவரின் பிரச்னை. இத்தனைக்கும் சர்வே ஒன்றுதான்.

இன்னொன்று. 'இதைச் சொன்னால் ஃபிரெண்டு மனசு நோகும்' என்று அடக்கிக்கொள்வதும், 'இதைச் சொன்னால் மார்க்கில் கைவைப்பார்கள்' என்று அடங்கிப்போவதும் வெளியில் இருந்து பார்த்தால் ஒரே மௌனம்தான். முதலாவது நாகரிகம், இரண்டாவது பயம். இதனால்தான் பின்னாளில் சுயதணிக்கை என்றால் என்ன என்று ஃபயர் கேள்வியிலேயே விளக்கம் கொடுக்க ஆரம்பித்தது.

நம்ம பசங்களுக்கு இது பொருந்துமா?

இங்கேதான் கவனம் தேவை. இந்த சர்வே கேள்வி கேட்பது இளநிலை மாணவர்களிடம் மட்டும். ஆனால், 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த 3,31,602 இந்திய மாணவர்களில் இளநிலை படித்தவர்கள் 36,053 பேர்தான். எம்.எஸ்., பிஹெச்.டி. போன்ற மேற்படிப்பில் 1,96,567 பேர். படிப்பு முடித்து, வேலைப் பயிற்சியில் இருந்தவர்கள் இன்னும் 97,556 பேர்.

இவர்களின் தயக்கமே வேறு வகை. 2025 மார்ச்சில், மாணவர் பத்திரிகையில் கட்டுரை எழுதிய டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் துருக்கி ஆராய்ச்சி மாணவி ஒருவரைக் குடியேற்றத் துறை பிடித்துச் சென்றது. நீதிமன்றம் தலையிட்ட பிறகு மே மாதம்தான் வெளியே வந்தார். அதே ஜூனில், மாணவர் விசாவுக்கு விண்ணப்பிப்பவர்கள் தங்கள் சோஷியல் மீடியா கணக்குகளை 'பப்ளிக்' ஆக்க வேண்டும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை அறிவித்தது.

கல்லூரிக்குப் பச்சை சிக்னல் கிடைத்தாலும், விசாவைப் பற்றிய பயம் அதனால் போகாது. அந்தப் பயத்தை அளக்கும் கட்டம் இந்த மார்க் ஷீட்டில் இல்லை.

அப்போ எப்படிப் படிப்பது?

மொத்த ரேங்க்கை மட்டும் பார்த்து நகர்ந்துவிட வேண்டாம். 40-வது இடத்துக்கும் 60-வது இடத்துக்கும் மார்க்கில் பெரிய வித்தியாசம் இல்லாமல் இருக்கலாம். ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனிப் பிரிவுகளில் என்ன மார்க் என்பதும் வெளியிடப்படுகிறது. நிர்வாகத்தின் மீது மாணவர்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா, விதிமுறைகளுக்கு என்ன கலர் என்று பாருங்கள். அங்கேயே எம்.எஸ். படிக்கும் சீனியர் யாராவது தெரிந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: "கிளாஸ்ல புரொஃபசரை மறுத்துப் பேசியிருக்கீங்களா? அப்புறம் என்ன ஆச்சு?"

68,000 பேரிடம் எடுத்த சர்வே கேட்காத கேள்வி அது. பதில் அவரிடம் இருக்கும்.