வீட்டு வைஃபை ரவுட்டர்: இப்போது மாற்றுவதா, காத்திருப்பதா?

வைஃபை ரவுட்டர் என்பது வீட்டுக்குள் கம்பி வழியாக வந்து சேரும் இணையத்தை வானொலி அலைகளாக மாற்றி, கைபேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி ஆகியவற்றுக்குப் பகிர்ந்தளிக்கும் கருவியாகும். தமிழில் இதனைத் திசைவி என்றும் அழைப்பர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய தலைமுறை வைஃபை அறிமுகமாவதால், கையில் உள்ள ரவுட்டரை உடனே மாற்றுவதா, அடுத்த தலைமுறை விலை குறையும் வரை காத்திருப்பதா என்ற கேள்வி பல வீடுகளில் எழுகிறது. பெருநகர அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் ரிஷிவந்தியம் போன்ற ஊருக்கும் இதற்கான விடை ஒன்றல்ல.

ரிஷிவந்தியத்தின் நிலை

ரிஷிவந்தியம், கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் ஒன்பது ஊராட்சி ஒன்றியங்களுள் ஒன்று. 2019 நவம்பரில் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. நெல்லும் கரும்பும் விளையும் சமவெளிப் பகுதி இது. மேற்கே கல்வராயன் மலை நிற்கிறது.

இந்திய ஊராட்சிகளைக் கண்ணாடி இழைக் கம்பியால் இணைக்கும் தேசியத் திட்டத்துக்கு மத்திய அரசு 2011-இல் ஒப்புதல் அளித்தது. பின்னர் அதற்கு பாரத்நெட் என்று பெயர் வந்தது. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் பணி, தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனமான டான்ஃபிநெட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. இதற்கு அப்பால், உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சி நடத்துபவர்களே பிஎஸ்என்எல் அல்லது தனியார் நிறுவனங்களின் இணைப்பை வீடுகளுக்கு இழுத்துத் தருவதும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பரவலான வழக்கம். இணைப்போடு சேர்த்து ஒரு வெள்ளைப் பெட்டியையும் மாட்டிவிட்டுப் போவார்கள். கண்ணாடி இழையில் வரும் ஒளியை மின்குறிப்பாக மாற்றும் ஓஎன்டி கருவியும் வைஃபை ரவுட்டரும் அந்த ஒரே பெட்டிக்குள் இருக்கும். பெரும்பாலான வீடுகளில் ரவுட்டர் எனப்படுவது இதுவே. அது வாங்கிய பொருளா, நிறுவனம் இரவலாகக் கொடுத்ததா என்பதே பலருக்குத் தெரியாது. இரவலாக இருந்தால், பழுதானாலும் பழையதானாலும் மாற்றித் தருமாறு முதலில் நிறுவனத்திடம் கேட்பதே முறை. கடைக்குப் போவது அதற்குப் பிறகுதான்.

தடை எங்கே இருக்கிறது?

இணையம் மெதுவாக இருந்தால் பழி முதலில் ரவுட்டர் மேல்தான் விழும். ஆனால் தடை மூன்று இடங்களில் இருக்கலாம்: ஊருக்கு வரும் இணைப்பில், ரவுட்டரில், அல்லது ரவுட்டருக்கும் கைபேசிக்கும் இடையிலுள்ள சுவரில். இதைக் கண்டறிய மூன்று அளவீடுகள் போதும். முதலில் மடிக்கணினியை லேன் கேபிள் மூலம் பெட்டியோடு நேரடியாக இணைத்து வேகத்தை அளக்க வேண்டும். அடுத்து, அதே அறையில் கைபேசியின் வைஃபை மூலம் அளக்க வேண்டும். கடைசியாக, பிள்ளைகள் படிக்கும் அறையிலோ மாடியிலோ அளக்க வேண்டும். ஒவ்வொன்றையும் பகலில் ஒருமுறை, இரவு எட்டு மணிக்கு மேல் ஒருமுறை செய்வது நல்லது.

கேபிளிலேயே வேகம் குறைவாக இருந்தால் ரவுட்டர் மேல் குற்றமில்லை. இரவில் மட்டும் குறைந்தால் காரணம் பெரும்பாலும் பகிர்வு. ஜிபான் எனப்படும் பரவலான கண்ணாடி இழைத் தொழில்நுட்பத்தில், ஒரு முனையிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 2.5 கிகாபிட் வேகம் வருகிறது; அதை 32 அல்லது 64 வீடுகள் பங்கிட்டுக் கொள்வது வழக்கம். அந்த முனைக்கு முன்னால், ஊருக்கு வெளியே செல்லும் இணைப்பும் குறுகலாக இருக்கலாம். பத்தாயிரம் ரூபாய்க்கு ரவுட்டர் வாங்கினாலும் இந்த நெரிசல் தீராது.

கேபிளில் நொடிக்கு 95 மெகாபிட் வந்து, பக்கத்தில் வைத்த கைபேசியில் 40 மட்டுமே வந்தால் கதை வேறு. கைபேசியோ ரவுட்டரோ 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் இயங்குகிறது என்பதற்கு இது அடையாளம். ஒற்றை ஆன்டெனா கொண்ட எளிய கைபேசி, வைஃபை 4 முறையில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில் பெறக்கூடிய உச்சம் ஏட்டளவில் 72 மெகாபிட். நடைமுறையில் அதில் பாதியைச் சற்றுத் தாண்டினாலே அதிகம். இந்த நிலையில் மாதக் கட்டணத்தைக் கூட்டி 200 மெகாபிட் திட்டத்துக்கு மாறுவது வீண் செலவு. 5 கிகாஹெர்ட்ஸும் உள்ள இரட்டை அலைவரிசை ரவுட்டருக்கு மாறினால் வேறுபாடு உடனே தெரியும். கைபேசியிலும் 5 கிகாஹெர்ட்ஸ் வசதி இருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

பக்கத்தில் நல்ல வேகம், உள்ளறையில் இழுபறி என்றால் தடை சுவரில் இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸில் அது பாதிக்கும் கீழே குறைகிறது. அதிர்வெண் கூடக்கூடச் செங்கல்லும் கான்கிரீட்டும் அலையை அதிகம் விழுங்குகின்றன. கம்பி கட்டிய தளம், இரும்பு பீரோ, தண்ணீர்த் தொட்டி ஆகியவை இன்னும் மோசமான தடைகள். கேபிள்காரர் வசதிக்காகத் தெருவாசல் மூலையில், தொலைக்காட்சிக்குப் பின்னால் மாட்டிய பெட்டியை வீட்டின் நடுவில், தலைக்கு மேல் உயரத்தில் வைத்துப் பார்ப்பதற்குச் சில மீட்டர் கம்பிதான் செலவு. இதைச் செய்யாமலே புது ரவுட்டர் வாங்கி, அதே மூலையில் வைத்து ஏமாறுவோர் ஏராளம்.

ஒரு வீட்டுக்கு உண்மையில் எவ்வளவு வேகம் தேவை என்பதும் எண்ணத்தக்கது. 4கே தரத்தில் படம் பார்க்க 15 மெகாபிட் போதும் என்று நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே கூறுகிறது. இணையவழி வகுப்புக்கு மூன்று, நான்கு மெகாபிட் போதுமானது. ஆனால் அது இடையறாமல் வர வேண்டும். மாணவருக்குத் தேவை நிலைத்த இணைப்பு. 300 மெகாபிட் வந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்துபோகும் இணைப்பை விட 30 மெகாபிட் நிதானமாக வருவது மேல்.

பெட்டியில் அச்சிட்ட எண்கள்

வைஃபை தலைமுறைகளுக்கு 4, 5, 6 என்று எண்ணிட்டு அழைக்கும் முறை 2018-இல் தொடங்கியது. 2009-இல் வந்த தரம் வைஃபை 4. வைஃபை 5 கருவிகளுக்கு 2013-லும், வைஃபை 6 கருவிகளுக்கு 2019-லும், வைஃபை 7 கருவிகளுக்கு 2024 ஜனவரியிலும் சான்றளிப்பு தொடங்கியது. அடுத்த தரமான வைஃபை 8 பணி 2028 வாக்கில் முடியும் என எதிர்பார்க்கப்படுகிறது. ஆக, அடுத்தது வரட்டும் என்று காத்திருப்பவர் எப்போதும் காத்திருந்துகொண்டே இருக்கலாம்.

ஏசி1200, ஏஎக்ஸ்1500 என்று பெட்டியில் காணப்படும் எண்கள் கூட்டுத்தொகைகள். ஏஎக்ஸ்1500 என்பது 5 கிகாஹெர்ட்ஸில் 1201 மெகாபிட்டும் 2.4 கிகாஹெர்ட்ஸில் 300 மெகாபிட்டும் சேர்ந்த கணக்கு. எந்தக் கைபேசியும் இரண்டையும் கூட்டிப் பெறுவதில்லை. இதைவிடக் கவனிக்க வேண்டியது ரவுட்டரின் பின்புறம். மலிவான ஏசி1200 ரவுட்டர்கள் சிலவற்றில் கேபிள் செருகும் துளைகள் 100 மெகாபிட் வேகத்துக்கு மட்டுமே ஆனவை. காற்றில் 867 மெகாபிட் அனுப்பக்கூடிய கருவிக்குள் இணையம் நுழையும் வாசலே 100 மெகாபிட் அகலம்தான். 100 மெகாபிட்டுக்கு மேற்பட்ட திட்டம் வைத்திருப்பவர், ‘கிகாபிட் போர்ட்’ என்று எழுதியிருக்கிறதா எனப் பார்த்தே வாங்க வேண்டும்.

வைஃபை 6-இன் உண்மையான பயன் உச்ச வேகம் அல்ல. ஒரே சேனலைச் சிறு துண்டுகளாகப் பிரித்துப் பல கருவிகளுக்கு ஒரே நேரத்தில் வழங்கும் முறை அதில் உண்டு. வைஃபை 5 தரம் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மட்டுமே உரியது. வைஃபை 6 சுவரைச் சற்று நன்றாகக் கடக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸையும் மேம்படுத்தியது. ஐந்தாறு கைபேசிகளும் ஒரு தொலைக்காட்சியும் உள்ள கூட்டுக் குடும்பத்தில் இது பொருளுள்ள மாற்றம்.

காத்திருப்போர் சொல்லும் காரணம்: 6 கிகாஹெர்ட்ஸ்

வைஃபை எந்த அலைக்கற்றையில் இயங்கலாம் என்பதை ஒவ்வொரு நாட்டு அரசும் முடிவு செய்கிறது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை 2005-இல் உரிமம் தேவையற்றதாக அறிவிக்கப்பட்டது. 2018-இல் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 605 மெகாஹெர்ட்ஸ் அகலம் திறந்துவிடப்பட்டது. அமெரிக்கா 2020 ஏப்ரலில் 6 கிகாஹெர்ட்ஸ் பட்டை முழுவதையும், அதாவது 1200 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை, வைஃபைக்கு வழங்கியது. இந்தியாவில் செல்பேசி நிறுவனங்களும் அதே பட்டையைக் கோரியதால் முடிவு நீண்டது. 2025 மே மாதம் தொலைத்தொடர்புத் துறை வெளியிட்ட வரைவு விதிகள், 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரையிலான 500 மெகாஹெர்ட்ஸ் பகுதியை மட்டும், குறைந்த திறனில், முக்கியமாகக் கட்டடங்களுக்குள் பயன்படுத்தும் வகையில் உரிமத்திலிருந்து விலக்க முன்மொழிந்தன.

வைஃபை 7-இன் புகழ்பெற்ற 320 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல் 6 கிகாஹெர்ட்ஸில்தான் இயங்கும். 500 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் அத்தகைய சேனல் ஒன்றுக்கு மட்டுமே இடமுண்டு. மேலும், வைஃபை 7 என்ற பெயரோடு இந்தியச் சந்தையில் விற்கும் ரவுட்டர்களுள் சில 2.4, 5 ஆகிய இரண்டு அலைவரிசைகளை மட்டுமே கொண்டவை.

ரிஷிவந்தியத்துக்கு இதில் என்ன இருக்கிறது? 6 கிகாஹெர்ட்ஸின் பெரும் பயன் நெரிசலிலிருந்து விடுதலை. சென்னை வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் கைபேசியைத் திறந்தால் முப்பது, நாற்பது வைஃபை பெயர்கள் தெரியலாம். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. அத்தனை வீடுகளும் அவற்றில் முட்டி மோதுகின்றன. தெருவில் நாலைந்து வீட்டில் மட்டும் இணைப்பு உள்ள கிராமத்தில் அந்த நெரிசல் இல்லை. அங்கே 6 கிகாஹெர்ட்ஸ் தரும் காலி இடம் 5 கிகாஹெர்ட்ஸிலேயே கிடைக்கிறது. சுவரைக் கடக்கும் ஆற்றலோ 6 கிகாஹெர்ட்ஸுக்கு இன்னும் குறைவு. எனவே 100 மெகாபிட் திட்டம் உள்ள கிராமத்து வீடு வைஃபை 7-க்காகக் காத்திருப்பதிலும் பயனில்லை. கடன் வாங்கி அதை இப்போதே வாங்குவதிலும் பயனில்லை.

காத்திருக்கக் கூடாத நிலை

வேகம் பற்றிய கேள்வி எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் காத்திருக்கும். பாதுகாப்பு காத்திருக்காது. ரவுட்டரும் ஒரு கணினியே. அதன் மென்பொருளில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை நிறுவனம் அப்டேட் அனுப்பி அடைக்க வேண்டும். ஒரு மாதிரிக்கு அப்டேட் நின்றுவிட்டால், பின்னர் தெரியவரும் ஓட்டைகள் திறந்தே கிடக்கும். 2018 மே மாதம் வெளிச்சத்துக்கு வந்த விபிஎன்ஃபில்டர் என்னும் தீநிரல், குறைந்தது 54 நாடுகளில் ஐந்து லட்சம் ரவுட்டர்களிலும் சேமிப்புக் கருவிகளிலும் புகுந்திருந்தது. வீட்டு ரவுட்டர்களை அணைத்து மீண்டும் இயக்குமாறு அமெரிக்க எஃப்பிஐ பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. 2025 மே மாதம் அதே அமைப்பு, ஆதரவு நிறுத்தப்பட்ட பழைய ரவுட்டர்களைக் குற்றவாளிகள் கைப்பற்றித் தங்கள் அடையாளத்தை மறைக்கப் பயன்படுத்துவதாக எச்சரித்தது. அப்படி நடந்தால், எங்கோ நடந்த மோசடியின் தடம் ஓர் அப்பாவி வீட்டு இணைப்பில் வந்து நிற்கும். கைபேசியிலேயே வங்கிக் கணக்கும் யூபிஐ-யும் வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது தள்ளிப்போடத்தக்க செய்தி அல்ல.

சோதிப்பது எளிது. ரவுட்டரின் அடியில் மாதிரி எண்ணும் நிர்வாகப் பக்க முகவரியும் அச்சிடப்பட்டிருக்கும். அம்முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. அப்பக்கத்தில் மென்பொருளின் தேதியைப் பார்க்கலாம். பல ஆண்டுகளாக மாறாமல் இருந்து, நிறுவனத் தளத்திலும் புதியது இல்லையென்றால் அந்த ரவுட்டரின் காலம் முடிந்தது. குறியாக்கமாக டபிள்யூபிஏ2 கூட இல்லாத கருவியை ஒரு நாளும் தாமதிக்காமல் மாற்ற வேண்டும். டபிள்யூபிஏ3 இருந்தால் நல்லது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், எவ்வளவு காலம் பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும் என்பதை விற்பனையின்போதே சொல்ல வேண்டும் என்பது சட்டம். இங்கே அதை வாங்குபவரே தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இணைப்பு அடிக்கடி அறுபடுவதற்கு வேறொரு எளிய காரணமும் உண்டு: அடாப்டர். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில் 12 வோல்ட் அடாப்டர் நலிந்து, ரவுட்டர் தானாக அணைந்து எரியும். அதே அளவுள்ள புதிய அடாப்டரின் விலை சில நூறு ரூபாய். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது என்பதால் இடி மின்னலுக்குப் பயமில்லை என்று நினைப்பதும் தவறு. மின்கம்பி வழியாக அடாப்டருக்கு அது வந்து சேரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடாப்டரைப் பிளக்கிலிருந்து கழற்றி வைப்பது ஒரு ரவுட்டரின் விலையைக் காக்கும்.

மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானால், 5 கிகாஹெர்ட்ஸும் கிகாபிட் போர்ட்டும் டபிள்யூபிஏ3-உம் உள்ள சாதாரண வைஃபை 6 ரவுட்டர் இன்றைய கிராமத்து இணைப்புக்குப் போதுமானது. பழைய பெட்டியில் உள்ள ஓஎன்டி இல்லாமல் கண்ணாடி இழை வேலை செய்யாது; ஆகவே அதைக் கழற்றாமல் அதன் வைஃபையை மட்டும் அணைத்துவிட்டு, புதிய ரவுட்டரை லேன் கேபிள் மூலம் அதனோடு இணைப்பார்கள். அந்தக் கேபிளே வீட்டின் நடுப்பகுதி வரை நீண்டால் சுவர்ப் பிரச்சினையும் சேர்ந்து தீரும்.

மலைப்பகுதியில்

கல்வராயன் மலையில் வெள்ளிமலையைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களில், கம்பி இணைப்பு எட்டாத வீட்டுக்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. அங்கே வாங்கத்தக்கது சிம் அட்டையில் இயங்கும் ரவுட்டர். அதன் வேகத்தைக் கோபுரத்தின் தொலைவும் இடையிலுள்ள மலைமுகடுமே தீர்மானிக்கும். வைஃபை தலைமுறை இரண்டாம் பட்சம். வாங்குவதற்கு முன், உறவினர் அல்லது அண்டை வீட்டாரிடமுள்ள வெவ்வேறு நிறுவன சிம்களைக் கைபேசியில் போட்டு ஹாட்ஸ்பாட்டை இயக்கி, வீட்டின் ஒவ்வொரு சன்னல் ஓரத்திலும் வைத்துக் காலையிலும் இரவிலும் அளந்து பார்க்கலாம். எந்தச் சன்னலில், எந்த சிம்மில் கூடுதலாக வருகிறதோ அதுவே ரவுட்டர் வைக்க வேண்டிய இடம். எதிலும் வராவிட்டால் அந்தப் பணத்தைச் செலவழிக்காமல் இருக்கலாம்.