காட்டரிசியே கோர்ட்டுக்குப் போன கதை தெரியுமா?

அமெரிக்காவின் மினசோட்டா ஏரிகளில் தானாக விளையும் காட்டரிசிதான் 'மனோமின்'. ஓஜிப்வே பழங்குடிகளின் அடிப்படை உணவு.

அறுவடை எப்படி? ஒருவர் படகைத் தள்ள, இன்னொருவர் குச்சிகளால் கதிரை வளைத்து மெல்லத் தட்டுவார். முற்றிய மணிகள் படகில் விழும். தண்ணியில் சிதறுவது அடுத்த வருஷத்துக்கு விதை.

என்ன பிரச்னை? நீர்மட்டம் மாறினாலோ, சுரங்கக் கழிவின் சல்பேட் கலந்தாலோ பயிர் பாதிக்கும். அதனால் 2018-ல் ஒயிட் எர்த் பழங்குடி அரசு, மனோமினுக்கே வாழும் உரிமை உண்டு என்று சட்டம் போட்டது.

'லைன் 3' எண்ணெய்க் குழாய்ப் பணிக்கு நீர் எடுக்க அனுமதித்த மாநில அரசுத் துறைமீது, 2021-ல் மனோமின் பெயரிலேயே வழக்கு! ஆனால், தங்கள் எல்லைக்கு வெளியே நடந்தது தங்கள் அதிகாரத்துக்குள் வராது என 2022-ல் பழங்குடி மேல்முறையீட்டு நீதிமன்றம் கைவிரித்தது.

சட்டத்துக்கு எல்லை உண்டு. ஓடுற தண்ணிக்கு ஏது எல்லை? ஏரி கெட்டால் அரிசியோடு, அதைத் தட்டும் பக்குவமும் போயிடும்.