புள்ளிகள் வரையும் சாலை

வெள்ளைத் தாளில் அமெரிக்காவின் எல்லைக்கோடு மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சாலையும் இல்லை, ஊர்ப் பெயரும் இல்லை. சாலை விபத்தில் ஓர் உயிர் போன இடத்திலெல்லாம் ஒரு புள்ளி வையுங்கள். சில ஆண்டுக் கணக்கை வைத்து முடிப்பதற்குள் நெடுஞ்சாலைகள் கோடுகோடாகத் துலங்கிவரும், நகரங்கள் கறுத்துத் திரளும். இறந்தவர்களே அந்நாட்டின் சாலைகளை வரைந்துவிடுகிறார்கள்.

இதற்கு உதவுவது 1975-இல் தொடங்கிய 'ஃபார்ஸ்' என்ற அரசுப் பதிவேடு. பொதுச் சாலையில் விபத்து நடந்து, 30 நாளுக்குள் யாராவது இறந்தால் அது இதில் ஏறும். எத்தனை மணி, வெளிச்சம் இருந்ததா, இறந்தவர் ஓட்டியவரா நடந்துபோனவரா, சீட் பெல்ட் போட்டிருந்தாரா என எல்லாம் இருக்கும், பெயர் இருக்காது. பின்னாளில் அட்சரேகை, தீர்க்கரேகையும் சேர்ந்தன. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பார்க்கலாம். பிரிட்டனின் ஐடிஓ வேர்ல்ட் நிறுவனம் 2001 முதல் 2009 வரை இறந்த 3,69,629 பேரை அப்படித்தான் வரைபடத்தில் வைத்தது.

புள்ளி நெருக்கமான இடந்தான் ஆபத்தான இடம் என்று உடனே முடிவுகட்டிவிடக் கூடாது. ஜனம் நெருங்கிய இடத்தில் புள்ளியும் நெருங்கத்தான் செய்யும். அமெரிக்கர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் கிராமப்புறத்தில் வாழ்கிறார். சாலைச் சாவுகளிலோ ஐந்தில் இரண்டு பங்கு அங்கேதான் நடக்கிறது. வெறிச்சோடிய சாலையில் வேகம் கூடும், அடிபட்டால் ஆஸ்பத்திரியும் தூரம். பாதசாரிகளை மட்டும் பிரித்துப் பார்த்தால் நான்கில் மூன்று சாவு இருட்டில் நடந்திருக்கிறது. விளக்குக் கம்பம் எங்கே நட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

ஒரு விபத்தைத் தலையெழுத்து என்று சொல்லி அழலாம். ஒரே திருப்பத்தில் பத்துப் பேர் போனால் குற்றம் அந்தத் திருப்பத்தின் மேல்தான். நம் தேசிய நெடுஞ்சாலைகளில் சுமார் 500 மீட்டருக்குள் மூன்று ஆண்டில் 10 பேர் இறந்தால், அல்லது உயிரிழப்போ கொடுங்காயமோ நேர்ந்த ஐந்து விபத்துகள் நடந்தால், அதைக் கரும்புள்ளி என்று அரசே குறிக்கிறது.

2022-இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் 17,884 பேர் இறந்தார்கள். விபத்து நடந்த இடத்திலிருந்தே காவலர் கைபேசியில் விவரம் ஏற்றும் 'ஐராட்' திட்டத்தை உருவாக்கியதில் சென்னை ஐஐடிக்கும் பங்கு உண்டு. இப்படி இடவிவரம் சேர்ந்தும், சாலை விபத்து ஆண்டறிக்கையின் அட்டவணையில் அந்த 17,884 ஒரே எண்ணாக நிற்கிறது. பெயர்களை நீக்கிவிட்டு, ஒவ்வொரு புள்ளியையும் அரசு பொதுவில் வைக்க வேண்டும். தன் பிள்ளை பள்ளிக்குப் போகும் சாலையில் எத்தனை புள்ளி என்று எந்தத் தாயும் பார்க்க முடிய வேண்டும்.