சீட்டில்லாத ஊசி

அட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் பட்டியில் நிற்கும் ஒரு பசு, பல குடும்பங்களுக்கு இரண்டாவது சம்பளம். வேலைக்குப் பேர் போடாத நாளிலும் பால் காசு வரும். அதனால் கன்று போட்டு ஐந்தாறு மாதமாகியும் பசு மறுபடி சினை நிற்காவிட்டால் வீடு கலங்குகிறது. "ஓர் ஊசி இருக்கு, மூணே நாளில் மாடு கத்தும்" என்ற பேச்சு எடுபடுவது அப்போதுதான்.

அப்படி ஓர் ஊசி இருப்பது உண்மைதான். புரொஸ்டாகிளண்டின் என்ற ஹோர்மோன் மருந்து அது. சூலகத்தில் மஞ்சட்சடலம் இருந்தால் அதைக் கரைத்து, இரண்டு முதல் ஐந்து நாட்களுக்குள் பசுவைப் பருவத்துக்குக் கொண்டுவரும். மஞ்சட்சடலம் இல்லாத மாட்டுக்குப் போட்டால் காசுதான் போகும். ஏற்கெனவே சினையாக இருக்கும் மாட்டுக்குப் போட்டால் கரு கலைந்துவிடும். சினையைக் காத்து நிற்பதும் அதே மஞ்சட்சடலம்தான். ஆகவே மிருக வைத்தியர் கைவிட்டுப் பரிசோதிக்காமல் இந்த ஊசியைப் போடுவது சூதாட்டம்.

இதைவிடப் பயப்பட வேண்டியது ஒன்று உண்டு, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்த மருந்து தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். கர்ப்பிணிக்கு அது கருச்சிதைவை உண்டாக்கலாம். ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சு இறுகலாம். லயத்தில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதும், பாவித்த சிரிஞ்சை எடுத்துப் போடுவதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். கர்ப்பமாக இருப்பவரும் ஆஸ்துமாக்காரரும் அந்தக் குப்பியைத் தொடவே கூடாது. மற்றவர்கள் கையுறை போட வேண்டும், மேலே பட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.

பசு பருவத்துக்கு வராததற்கு ஹோர்மோன் குறைதான் காரணமென்று முடிவுகட்டுவதும் அவசரம். ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை வரும் பருவம் 12 முதல் 18 மணி நேரம்தான் நிற்கும். அதிலும் அறிகுறி தெளிவாகத் தெரிவது இரவிலும் விடியற்காலையிலும். பொழுது விடிந்ததும் பெரட்டுக்கு ஓட வேண்டிய வீட்டில் இதைப் பார்க்க யாருக்கு நேரம்? மற்ற மாடு மேலே தாவும்போது அசையாமல் நிற்பதுதான் முக்கிய அடையாளம், தனியாகக் கட்டிக்கிடக்கும் பசுவின் மேல் எது தாவும்? படுக்கப் போகுமுன்னும் விடியுமுன்னும் டோர்ச் அடித்து, கண்ணாடி போன்ற சளி தொங்குகிறதா என்று பாருங்கள். காலையில் கண்டால் அன்று மாலையே சினை ஊசி (செயற்கைச் சினைப்படுத்தல்) போடவேண்டும். மாலையில் கண்டால் மறுநாள் காலை.

அடுத்தது தீனி. முற்றிய குவாத்தமாலா புல்லை மட்டும் தின்று பால் கறக்கும் பசு உடல் வற்றிப்போகும். வற்றிய மாடு பருவத்துக்கு வராது. 20,000 கறவை மாடுகளை இறக்குமதி செய்யும் அரச திட்டத்தில் 2017இல் வந்திறங்கிய 5,000 மாடுகளை வாங்கிய பண்ணையாளர் பலர், நோய், சினைக் கோளாறு, தாங்கமுடியாத தீவனச் செலவு என்று முறையிட்டது நினைவிருக்கும். உயர்ந்த இனமே தீனியில்லாமல் தடுமாறும்போது ஊசி என்ன செய்யும்? என்னைக் கேட்டால் முதல் காசு கனியுப்புக் கலவைக்குப் போகவேண்டும்.

தீவனத்திலும் ஆபத்து உண்டு. தேயிலைக்குப் போடும் யூரியாப் பையை மாடு நக்கினாலோ, யாரோ சொன்னதைக் கேட்டு அளவு தெரியாமல் தவிட்டில் கலந்தாலோ, சில மணி நேரத்தில் வயிறு ஊதிச் சாகும். மலைநாட்டு ஈரத்தில் பூசணம் பிடித்த புண்ணாக்கிலிருந்து அஃப்ளடொக்சின் நஞ்சு பாலுக்குள் இறங்கும். கொதிக்கவைத்தாலும் அது போகாது.

ஊரில் பயமோ வேறு பக்கம். புரொய்லர் கோழிக்கு ஹோர்மோன் ஊசி போடுவதாக நம்புகிறோம். அது வேகமாக வளர்வது இனத்தேர்வாலும் தீவனத்தாலும். அடுத்த பயம் பால் இறங்கப் போடும் ஒக்சிடோசின்; அதை இந்திய அரசு 2018இல் தனியார் தயாரிக்கத் தடை விதித்தது. அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்துச் செய்தது. பிரசவத்தில் இரத்தப்போக்கை நிறுத்த அதே மருந்துதான் வேண்டும். பாலில் வந்தாலும் நம் குடலில் அது செரித்துவிடும். கேடு பசுவுக்கே: ஊசியில்லாமல் பால் இறக்காத பழக்கம் வந்துவிடும்.

மனிதருக்கு உண்மையான கவலை, மடிவீக்கத்துக்குப் போடும் நுண்ணுயிர்க்கொல்லி. மருந்தின் லேபலில் உள்ள தவிர்ப்புக் காலம் முடியும்வரை அந்தப் பாலை விற்கக் கூடாது. சேகரிப்பு நிலையம் திருப்பியனுப்பிய பாலைக் காய்ச்சிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் கூடாது.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டப்படி கால்நடை மருந்துகள் பதிவுசெய்யப்பட வேண்டும். தீவனத்துக்கு 1986ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் உண்டு. லேபல் இல்லாத "பால் பெருக்கும் பவுடர்" எதையும் வாங்காதீர்கள். கேட்டால் பில் கொடுப்பது கடைக்காரரின் கடமை. மறுத்தாலோ காலாவதியானதைத் தந்தாலோ நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்குச் சொல்லுங்கள். உங்கள் பிரிவு மிருக வைத்திய அலுவலகத்தில் என்ன சேவை, என்ன கட்டணம் என்று தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம்; 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

அடுத்த முறை யார் ஊசி போட வந்தாலும், மருந்தின் பெயரையும் திகதியையும் பிள்ளையின் பழைய கொப்பியிலாவது எழுதி வாங்குங்கள். வெறுங்குப்பியை யார் கைக்கும் எட்டாத இடத்தில் பத்திரப்படுத்துங்கள். எழுதித்தர மறுப்பவரை மாட்டுக்குக் கிட்டவே விடாதீர்கள்.