சட்டை கசங்காத திருடர்கள்

எழுபது கம்பெனிகளின் ஜாதகத்தைக் கணித்த பேராசிரியர்

1961-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரக் கோர்ட்டு. நீதிபதி கேனியின் முன் நின்றவர்களைப் பார்த்தால் யாருக்கும் எழுந்து நாற்காலி கொடுக்கத்தான் தோன்றும். எல்லாரும் பெரிய மின்சாரக் கம்பெனிகளின் உப தலைவர்கள், மானேஜர்கள். அவர்களில் ஏழு பேரை நீதிபதி சிறைக்கு அனுப்பினார்.

எத்தனை நாள் தெரியுமா? முப்பதே நாள்!

அவர்கள் செய்த குற்றம் இதுதான். டிரான்ஸ்பார்மர், டர்பைன் போன்ற ராட்சத இயந்திரங்களைச் சர்க்காரும் நகரசபைகளும் டெண்டர் மூலம் வாங்குவது வழக்கம். அரக்கு முத்திரை வைத்த உறையில் விலையைக் குறித்து அனுப்ப வேண்டும். குறைந்த விலை சொன்னவருக்கு ஆர்டர். போட்டி இருந்தால்தானே விலை இறங்கும்? கம்பெனிக்காரர்கள் முன்கூட்டியே ரகசியமாகக் கூடி, இந்தத் தடவை உனக்கு, அடுத்த தடவை எனக்கு என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். மற்றவர்கள் வேண்டுமென்றே கூடுதல் விலை எழுதி ஒதுங்கிக்கொள்வார்கள்.

யாருடைய முறை என்பதை எப்படித் தீர்மானித்தார்கள்? ஒரு சாமான் விஷயத்தில் சந்திரனின் வளர்பிறை தேய்பிறையைக் கொண்டு! நம் ஊரில் திதி பார்ப்பது கல்யாணத்துக்கு. இந்தக் கனவான்கள் திதி பார்த்தது டெண்டருக்கு. கம்பெனிகளுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். ஜெனரல் எலக்ட்ரிக் 1, வெஸ்டிங்ஹவுஸ் 2. கூட்டத்துக்குச் சங்கேதப் பெயர், 'கோயில் பாட்டு ஒத்திகை'. வருகிறவர்களின் ஜாபிதா, 'கிறிஸ்துமஸ் வாழ்த்துப் பட்டியல்'. டெலிபோன் பேசுவதானால் தெருவிலுள்ள பொது டெலிபோன்தான். பிக்பாக்கெட் ஆசாமிகூட இத்தனை ஜாக்கிரதையாக இருப்பானா என்பது சந்தேகமே.

டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் என்ற சர்க்கார் ஸ்தாபனத்தில் குட்டு உடைந்தது. நம் தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு முன்மாதிரி அதுதான். அங்கே டெண்டர் உறைகளைப் பிரித்தபோது, பல கம்பெனிகள் காசு பிசகாமல் ஒரே விலை சொல்லியிருந்தன. பத்திரிகையில் செய்தி வந்தது, விசாரணை தொடங்கியது. முடிவில் 29 கம்பெனிகளும் நாற்பதுக்கு மேற்பட்ட அதிகாரிகளும் தண்டனை பெற்றார்கள். மொத்த அபராதம் சுமார் 19 லட்சம் டாலர். நஷ்டஈடு வழக்குகள் பின்னால் மலையாகக் குவிந்தன.

இதே பிலடெல்பியாவில், இதற்கு இருபத்தோரு ஆண்டுகளுக்கு முன், 1939 டிசம்பரில் ஒரு பேராசிரியர் பேசினார். பெயர் எட்வின் சதர்லாந்து. நெப்ராஸ்கா மாகாணத்துக்காரர், பாதிரியாரின் மகன். அமெரிக்க சமூகவியல் சங்கத்தின் தலைவர் என்ற முறையில் அவர் அன்று ஆற்றிய உரையில்தான் 'வெள்ளைக் காலர் குற்றவாளி' என்ற சொல் பிரபலமாயிற்று.

திருட்டுக்குக் காரணம் வறுமை. திருடன் சேரியிலிருந்து வருகிறான் என்பது அக்காலத்துப் பண்டிதர்களின் முடிவு. சதர்லாந்து கேட்டார்: நீங்கள் கணக்கெடுத்தது சிறையில் இருப்பவர்களைத்தானே? சிறைக்கே வராத திருடர்களை யார் கணக்கெடுத்தது?

கேட்டதோடு விட்டாரா? அமெரிக்காவின் மிகப் பெரிய 70 கம்பெனிகளைப் பொறுக்கி எடுத்தார். அவை பிறந்த நாள் முதல் கோர்ட்டுகளும் சர்க்கார் கமிஷன்களும் அவற்றுக்கு எதிராக அளித்த தீர்ப்புகளைத் தேடித் திரட்டினார். பல ஆண்டு உழைப்பு. கிடைத்தவை 980 தீர்ப்புகள்! போட்டியைக் கட்டுப்படுத்திய குற்றம் 307, காப்புரிமை முதலியவற்றைக் களவாடியது 222, தொழிலாளருக்கு இழைத்த அநீதி 158, பொய் விளம்பரம் 97 என்று கணக்கு நீளுகிறது. எழுபதில் ஒன்றுகூடத் தப்பவில்லை. சராசரி தலைக்குப் பதினான்கு. நம் போலீஸ் பாஷையில் சொன்னால் 'கேடி'கள்.

ஆனால் இவற்றில் கிரிமினல் கோர்ட்டின் தீர்ப்பு 158 மட்டுமே. இந்த இடத்தில்தான் பேராசிரியர் சட்டத்தின் சூட்சுமத்தைப் பிடித்தார். 1890-ல் வந்த ஷெர்மன் சட்டத்தின்படி ஒரே குற்றத்துக்குப் பல வழிகள் உண்டு. சிறைத் தண்டனையும் கேட்கலாம். சிவில் கோர்ட்டில் வெறும் தடையுத்தரவும் வாங்கலாம். வர்த்தகக் கமிஷனோ, 'இனி செய்யாதே' என்று ஓர் உத்தரவு போட்டு அனுப்பும். சைக்கிள் திருடியவனிடம் 'இனி திருடாதே' என்று எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பும் கோர்ட்டு எந்த ஊரில் இருக்கிறது?

எதிர்ப்பு வராமல் இல்லை. பால் டப்பன் என்ற சட்டம் படித்த அறிஞர் 1947-ல் மல்லுக்கு நின்றார். கிரிமினல் கோர்ட்டு தண்டிக்காதவனைக் குற்றவாளி என்று சொல்ல நீர் யார் என்பது அவர் கேள்வி. அதிலும் நியாயம் இருக்கிறது. விசாரணையின்றி ஒருவனுக்குப் பட்டம் சூட்டுவது எல்லாருக்கும் ஆபத்துத்தான். ஆனால் டப்பன் சொல்வதை அப்படியே ஏற்றால், வழக்கை எந்த வாசல் வழியாகக் கொண்டுபோவது என்று தீர்மானிக்கும் அதிகாரியே குற்றவாளி யார் என்பதையும் தீர்மானித்தவர் ஆகிறார்.

நம் நாட்டிலும் இந்தத் தலைவலி உண்டு. 1972-ல் சட்டக் கமிஷன் தன் 47-வது அறிக்கையைப் பொருளாதாரக் குற்றங்களுக்கென்றே ஒதுக்கியது. கம்பெனிக்கு உடம்பு இல்லையே, கட்டாயச் சிறைத் தண்டனை உள்ள குற்றத்துக்கு அதன்மீது வழக்குப் போடுவது எப்படி என்ற வாதம் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. முடியாது என்றது 2003-ம் ஆண்டுத் தீர்ப்பு. 2005-ல் ஐந்து நீதிபதிகள் கூடி, மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அதை மாற்றினார்கள். சிறையில் போட முடியாவிட்டால் அபராதம் போடலாமே என்றார்கள். 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 447-வது பிரிவு, பெரிய மோசடி செய்யும் ஆசாமிகளுக்குப் பத்து வருஷம் வரை சிறை என்கிறது.

சதர்லாந்தின் ஆராய்ச்சி 1949-ல் புத்தகமாயிற்று. ஆனால் அச்சேறுமுன் பிரசுரகர்த்தரின் வக்கீல்கள் பயந்தார்கள். கிரிமினல் கோர்ட்டில் தண்டனை பெறாத கம்பெனியைக் குற்றவாளி என்று பெயர் சொல்லி எழுதினால் மானநஷ்ட வழக்கு வரும் என்றார்கள். பேராசிரியர் வேலை பார்த்த இந்தியானா சர்வகலாசாலைக்கும் கவலை, நன்கொடை நின்றுவிட்டால்? மனமில்லாமல் பெயர்களை அடித்தார். 980 தீர்ப்புகளும் அச்சாயின; செய்தவர் யார் என்பது மட்டும் இல்லை.

மறு வருஷம் அக்டோபரில், வகுப்புக்கு நடந்து போகும் வழியில் விழுந்து இறந்தார் சதர்லாந்து.

1983-ல் ஏல் சர்வகலாசாலை அச்சகம், வெட்டப்படாத மூலப் பிரதியை வெளியிட்டது. முப்பத்துநான்கு வருஷம் கழித்து ஜனங்கள் பெயர்களைப் படித்தார்கள். பட்டியலின் தலையில் ஆர்மர், ஸ்விப்ட் என்ற இரண்டு இறைச்சிக் கம்பெனிகள், ஆளுக்கு ஐம்பது தீர்ப்புகளுடன். அடுத்த இடத்தில் ஜெனரல் மோட்டார்ஸ், நாற்பது.