பரங்கிமலையில் விடியற்காலை

உங்கள் வீட்டில் கல்லூரிப் படிப்பை முடித்த பெண் இருக்கிறாளா? காலையில் அவளை எழுப்ப எத்தனை குரல் கொடுக்க வேண்டியிருக்கிறது? மந்தைவெளியில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மாளுக்குக் குறைந்தது ஐந்து குரல் தேவைப்பட்டது. ஐந்தாவது குரலோடு காப்பி டம்ளரும் கட்டிலருகே போயாக வேண்டும். அந்தப் பெண்தான், "பட்டாளத்தில் அதிகாரியாகப் போகிறேன்" என்று பரீட்சை எழுதித் தேறி, பரங்கிமலைக்குப் பெட்டியோடு போய்ச் சேர்ந்தாள். அம்மாளுக்கு வந்த முதல் கவலை துப்பாக்கியைப் பற்றியதல்ல. "அங்கே இவளை யார் எழுப்புவார்கள்?" என்பதுதான்!

விசில் எழுப்புகிறது. ஒரே ஊதல். கபாலி கோயில் மாடவீதிகளில் வாசல் தெளிக்க வாளியை எடுக்கும் நேரத்தில், அங்கே வெள்ளைப் பனியனும் கான்வாஸ் ஜோடுமாக எல்லோரும் வரிசையில் நின்றாக வேண்டும்.

1962-இல் சீனருடன் யுத்தம் மூண்டபோது அதிகாரிகள் போதவில்லை. அவசரமாக ஆட்களைத் தயார் செய்வதற்கென்றே 1963 ஜனவரியில் இந்தப் பள்ளி இங்கே ஏற்பட்டது. 1988 முதல் 'அதிகாரிகள் பயிற்சி அகாடமி' என்று பெயர். இலங்கையில் 1987-இல் உயிர் நீத்துப் பரமவீர சக்கரம் பெற்ற மேஜர் பரமேஸ்வரன் இங்கே பயின்றவர்தான். கவாத்து மைதானத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். பெண்கள் வந்தது 1992 செப்டம்பரில். முதல் அணியில் இருபத்தைந்து பேர். "எங்களை ஏன் சேர்ப்பதில்லை?" என்று தரைப்படைத் தளபதிக்கே கடிதம் எழுதிய பிரியா ஜிங்கன் அவர்களில் ஒருவர்.

இருட்டோடு ஏன் ஓட வேண்டும் என்று கேட்கலாம். சென்னையின் புழுக்கம் நமக்குத் தெரியாததா? கடற்காற்றின் ஈரத்தில் வியர்வை லேசில் உலராது. உலராவிட்டால் உடம்பின் சூடு தணியாது. வெயில் ஏறிய பிறகு பாரம் சுமந்து ஓடினால் மயக்கம்தான் மிஞ்சும்.

ஓட்டத்தையும் முதல் நாளே ஒரேயடியாகக் கூட்டிவிட முடியாது. தசை சில வாரங்களில் பலப்பட்டுவிடும். எலும்பு அத்தனை வேகமாக வராது. பழகாத காலோடு மிதமிஞ்சி ஓடினால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் மயிரிழை போன்ற விரிசல் விழும். புதிதாகச் சேரும் பெண்களுக்கு இது ஆண்களைவிட அதிகம். காலை ஆகாரத்தைத் தள்ளிவிட்டு அரைத் தோசையோடு எழுந்து போகும் நம் வீட்டுப் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த எலும்பின் ஞாபகம் வருகிறது.

மந்தைவெளிப் பெண்ணுக்கு ஓட்டம் வந்துவிட்டது. கயிறுதான் வரவில்லை. மேலே கட்டித் தொங்கும் கயிற்றில் ஏறி உச்சியைத் தொட வேண்டும். பாதியில் நின்றாள், தொங்கினாள், இறங்கினாள். மூன்றாவது வாரம் போனில், "அம்மா, வந்துவிடட்டுமா?" என்றாளாம். 'வந்துவிடு' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "அடுத்த ஞாயிறு வரை பாரேன்" என்று சொல்லிவிட்டார் அம்மாள். அந்த வாரம் முழுவதும் நாலரை மணிக்கு அவருக்கே விழிப்பு வந்துகொண்டிருந்தது.

கயிறு ஏறுவது கைவேலை என்று நினைக்கிறோம். உண்மையில் அது கால்வேலை! கையால் இழுத்துக்கொண்டே போனால் நாலு முழத்தில் தோள் ஓய்ந்துவிடும். கயிற்றை ஒரு பாதத்தின் மேல் போட்டு, மறு பாதத்தால் அழுத்திப் பூட்ட வேண்டும். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்திருப்பதுபோல் உந்தி நிமிர வேண்டும். கைக்குப் பிடித்துக்கொள்ளும் வேலைதான். நம் ஊரில் தென்னை ஏறுகிறவர் காலில் தளை மாட்டிக்கொள்வதும் இதே சூட்சுமந்தான். இதைச் சொல்லித்தருகிற 'உஸ்தாத்' ஒரு ஹவில்தாராக இருப்பார். இன்று அவர் அதட்டலுக்கு நடுங்குகிற பெண், பட்டம் ஏற்றதும் அவரே விறைப்பாக நின்று சலாம் வைப்பார்!

"பெண்களின் தேகம் தாங்காது" என்ற வாதம் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிருக்கிறது. 2020 பிப்ரவரியில் நீதிபதிகள் அதைத் தள்ளி, பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தர உத்தியோகம் உண்டு என்று தீர்ப்பளித்தார்கள். ஆனால் கோர்ட்டுக்கு முன்பே மைதானம் பதில் சொல்லியிருந்தது. கதீட்ரல் ரோடு ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் படித்த திவ்யா அஜித் குமார், 2010-இல் ஆண்களையும் முந்திக் கௌரவ வாள் பெற்றார். அதைப் பெற்ற முதல் பெண் அவரே. காஷ்மீரில் 2015-இல் கணவரைப் பறிகொடுத்த ஸ்வாதி மகாதிக், இரண்டு குழந்தைகளின் தாய், இதே மைதானத்தில் பயின்று 2017-இல் அதிகாரியானார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மந்தைவெளிக்குப் போன் வந்தது.

"தொட்டுட்டேம்மா!"

இறங்குகிற அவசரத்தில் கயிறு வழுக்கி உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டதாம். அம்மாளுக்குக் கண் கலங்கியது, குரலில் காட்டிக்கொள்ளவில்லை.

"தேங்காயெண்ணெய் தடவினாயோடி?" என்று மட்டும் கேட்டார்.