எழுதி வெச்ச மெட்டும் வாசிக்கிற மெட்டும்: நான் ஐரிஷ் இசை படிச்ச கதை

இந்த எபிசோடுல கோடிங் இல்ல. ஆனா ஆரம்பிச்சது என்னவோ கோடிங்லதான்.

போன வருஷம் ஒரு டின் விசில் வாங்கினேன். தகரக் குழாய், ஆறு ஓட்டை, அவ்வளவுதான். வாசிக்க மெட்டு தேடினப்போ 'ஏபிசி நொட்டேஷன்' கண்ணுல பட்டுச்சு. ஸ்வரங்களை ஆங்கில எழுத்துலயே டைப் பண்ற முறை, சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். 'தி செஷன்' தளத்துல ஆயிரக்கணக்கான ஐரிஷ் மெட்டுகள் இப்படி இருக்கு. மொத்த டேட்டாவையும் டவுன்லோட் பண்ணிக்கலாம். என்னை மாதிரி ஆளுக்கு வேற என்ன வேணும்? ஸ்கிரிப்ட் எழுதி, சுலபமானதுல இருந்து கஷ்டமானது வரைக்கும் வரிசைப்படுத்திட்டேன்.

அமைப்பும் அவ்வளவு சுத்தம். எட்டு பார் கொண்ட ஒரு பகுதி, அதை ரெண்டு தடவை. அடுத்து இன்னொரு எட்டு பார், அதுவும் ரெண்டு தடவை. ஒரு சுற்றுக்கு 32 பார். பெரும்பாலான நடன மெட்டுகள் இதுக்குள்ள அடங்கிடும். ரீல்னா 4/4. ஜிக்னா 6/8, ஒவ்வொரு அடியும் மூணா பிரியும். திஸ்ர நடை கேட்டுப் பழகின காதுக்கு உடனே பிடிபடும்.

மூணு மாசம் கழிச்சு, எங்க டீம்ல இருக்கிற டப்ளின்காரர் ஒருத்தருக்கு வீடியோ கால்ல வாசிச்சுக் காட்டினேன். அவர் சின்ன வயசுல இருந்து ஃபிடில் வாசிக்கிறவர். பொறுமையா கேட்டுட்டு, "ஸ்வரம் எல்லாம் சரி, மெட்டுதான் இன்னும் வரல"ன்னார். அன்னைக்கு ராத்திரி சரியா தூக்கம் வரல.

அவர் சொன்னது அப்புறம்தான் புரிஞ்சது. ஜிக்ல ஆறு ஸ்வரமும் ஒரே நீளம்னு எழுதியிருக்கும். வாசிக்கிறவங்க அப்படி வாசிக்கறதே இல்ல. முதல் ஸ்வரம் கொஞ்சம் நீளும், அடுத்தது சுருங்கும். ஒரே ஸ்வரத்துக்குள்ள விரலைச் சட்டுனு தூக்கி வெக்கிற 'கட்', அதை வெச்சு உருவாகுற 'ரோல்', இதெல்லாம் பெரும்பாலும் ஃபைல்ல இருக்காது. ஒவ்வொரு சுற்றுலயும் மாத்தி வாசிப்பாங்க. நான் எலும்புக்கூட்டை வெச்சு ஆளையே பார்த்துட்டதா நினைச்சுட்டேன்.

இது என் பிரச்சினை மட்டும் இல்ல, 200 வருஷத்துக்கு மேல பழசு. 1792-ல பெல்ஃபாஸ்ட்ல பழைய ஹார்ப் கலைஞர்களைக் கூட்டி வாசிக்க வெச்சாங்க. அதை எழுதி வெக்கிற வேலை எட்வர்ட் பன்டிங்ங்கிற 19 வயசுப் பையனுக்கு. அச்சுல வந்தப்போ அந்த மெட்டுகள் பியானோவுக்கு ஏத்த மாதிரி மாறியிருந்தது. ஆனா அவர் எழுதலைன்னா அந்தக் கலைஞர்களோடயே பல மெட்டு போயிருக்கும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் பிரான்சிஸ் ஓ'நீல். கார்க் பகுதியில பிறந்து, அமெரிக்கா போய், சிகாகோ போலீஸ் தலைவர் ஆனவர். பஞ்சத்துக்கு அப்புறம் லட்சக்கணக்கான ஐரிஷ் மக்கள் கப்பல் ஏறின காலம். ஊர் ஊரா சிதறியிருந்த மெட்டுகள் எல்லாம் சிகாகோவுல பக்கத்துத் தெருவுக்கு வந்துடுச்சு. இவருக்கு நொட்டேஷன் எழுத வராது. வாசிச்சுக் காட்டுவார், ஜேம்ஸ் ஓ'நீல்ங்கிற இன்னொரு போலீஸ்காரர் எழுதுவார். 1903-ல 1,850 மெட்டோட புத்தகம் வந்துச்சு.

அடுத்து இசைத்தட்டு. 1920-கள்ல ஸ்லைகோ ஃபிடில்காரர் மைக்கேல் கோல்மன் நியூயார்க்ல பதிவு பண்ணின தட்டுகள் அயர்லாந்துக்கே திரும்பி வந்தப்போ, மத்த ஊர்க்காரங்களும் அவரை மாதிரியே வாசிக்க ஆரம்பிச்சாங்க. ரோல், வேகம் எல்லாம் காதுலயே கத்துக்க முடிஞ்சது. அதே தட்டு பல ஊர்களோட தனி பாணியை மங்க வெச்சுது. காப்பாத்துறதும் அழிக்கிறதும் ஒரே கருவிதான்.

அதனால 'சுத்தமான பாரம்பரியம்'னு யாராவது ஆரம்பிச்சா எனக்குச் சிரிப்புதான். இன்னைக்கு ஐரிஷ் இசையில தவிர்க்க முடியாத பூசூக்கி கிரேக்க வாத்தியம். 1960-கள்லதான் உள்ள வந்துச்சு. 70-கள்ல பிளாங்க்ஸ்டி குழு அதை மைய ஓசையாவே ஆக்கிடுச்சு. 1973-ல ஹார்ஸ்லிப்ஸ் ஒரு பழைய அணிவகுப்பு மெட்டை எடுத்து 'ஜாரக் டூம்' பாட்டுல எலெக்ட்ரிக் கிதார் ரிஃப் ஆக்கினாங்க. 80-கள்ல லண்டன்ல இருந்து போக்ஸ், விசிலையும் அக்கார்டியனையும் பங்க் வேகத்துல ஓட்டினாங்க. புலம்பெயர்ந்தவங்களோட கோபம் அதுல அப்படியே கேட்கும். இப்போ லங்கம் குழு பழைய பாட்டை பயமுறுத்துற ட்ரோனுக்குள்ள இழுத்துட்டுப் போகுது. பெல்ஃபாஸ்ட் நீகேப் ஐரிஷ் மொழியில ராப் பண்றாங்க. மெட்டு பழசே இல்ல, மொழிதான் அங்க பாரம்பரியம். கேட்கிற வரிசையில நான் ஒரு விஷயம் மட்டும் சொல்வேன்: போக்ஸ்க்கு முன்னாடி பிளாங்க்ஸ்டி கேளுங்க. எதை உடைக்கிறாங்கன்னு அப்போதான் தெரியும்.

என் ஸ்கிரிப்ட் இன்னும் லேப்டாப்ல இருக்கு, ஓட்டறதில்ல. ஒரே ஒரு ஜிக்கை எடுத்து, நாலு பேர் வாசிச்ச பதிவுகளைப் பாதி வேகத்துல ஓட்டிக் கேட்டு, கூடவே வாசிக்கிறேன். ஆறு வாரம் ஆச்சு. முதல் எட்டு பார் பரவாயில்லைன்னு டப்ளின்ல இருந்து தகவல்.